ஐக்கிய அமெரிக்காவிற் சீர்திருத்தக் காலம்

செல்வம் பெருகுமிடத்து நீதியும் தானே பெருகும் என்று எண்ணுதல் மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் பிழையென்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்கா உலகுக்குக் காட்டிற்று. 1865 ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிவுற்றபின், ஒரு தலைமுறைக் காலத்துள், உழவையே பெரிதும் நம்பியிருந்த அந்நாடு உலகின் முதன்மையான கைத்தொழில் நாடாக வளர்ந்தது. இருப்புப்பாதைகள் கீழைக் கடலையும் மேலைக் கடலையும் இணைத்தன. உருக்கும் எண்ணெயும் நிலக்கரியும் கணக்கின்றிப் பெருகின. ஆயினும் அச்செல்வத்தை ஆக்கியோர் அதனை நுகர்ந்தாரல்லர். 1900 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, பத்து வயது முதற் பதினைந்து வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருள் ஏறக்குறைய 1,750,000 பேர் கூலிக்கு வேலைசெய்தனர். பாடசாலையில் இருக்கவேண்டிய கைகள் பஞ்சாலைகளில் நூல் முடிந்தன. நிலக்கரியினின்று கல் பொறுக்கின.

இந்நிலையை மாற்றுதற்கு எழுந்த முயற்சிகளின் தொகுதியையே வரலாற்றாசிரியர் 'முற்போக்குக் காலம்' என வழங்குவர். அஃது ஏறத்தாழ 1890 ஆம் ஆண்டு முதல் 1920 ஆம் ஆண்டு வரை நீடித்தது. அதனை நடத்தியவர் ஒரு தலைவரல்லர். அஃது ஒரு கட்சிக்கு உரியதுமன்று. பத்திரிகையாளர், சட்டத்தரணிகள், பேராசிரியர், சமயத் தொண்டர், தொழிற்சங்கத்தார், உயர்கல்வி பெற்ற பெண்கள் ஆகிய பலரும் அதிற் பங்குகொண்டனர். அது புரட்சியுமன்று, வெறும் அறக்கொடையுமன்று. அதன் தனிச்சிறப்பு அது கையாண்ட முறையிலே தங்கியுள்ளது. தீமையை நேரிற் கண்டு அளந்து எழுதுதல் முதற்படி; எழுதியதைச் சட்டமாக்குதல் இரண்டாம் படி; சட்டத்தைச் செயற்படுத்தும் பரிசோதகரையும் ஆணைக்குழுவையும் அமைத்தல் மூன்றாம் படி. இம்மூன்றும் கூடிய இடத்திற் சீர்திருத்தம் நிலைபெற்றது. ஒன்று குறைந்த இடத்தில் அது தளர்ந்தது. சான்று மலைபோற் குவிந்திருந்தும் சட்டம் பிறவாத இடமும் ஒன்றுண்டு. அதனையும் நோக்கினாலன்றி இவ்வியக்கத்தின் பெருமையும் எல்லையும் ஒருங்கே விளங்கா.

நோயின் தன்மை

அக்கால அமெரிக்காவைப் பீடித்த நோய்கள் மூன்றெனலாம். முதலாவது ஏகபோகம். ஒரு தொழிலைச் சேர்ந்த பல கம்பனிகள் ஒன்றாக இணைந்து, போட்டியை ஒழித்து, விலையைத் தாமே வகுத்தன. யோன் றொக்பெல்லர் நிறுவிய ஸ்ரான்டட் ஒயில் கம்பனி, நாட்டிற் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கைத் தன் கைக்குள் வைத்திருந்தது. இவ்வகைக் கூட்டுகளைத் தடுக்கும் சட்டமொன்று 1890 இல் இயற்றப்பட்டதாயினும், அது பல ஆண்டுகள் ஏட்டளவில் உறங்கிற்று.

இரண்டாவது நகர வாழ்வின் சீர்கேடு. ஐரோப்பாவின் தென்பாலிருந்தும் கீழ்ப்பாலிருந்தும் மக்கள் திரள்திரளாக வந்திறங்கினர். 1907 ஆம் ஆண்டில் மாத்திரம் 1,285,000 இற்கு மேற்பட்டோர் குடியேறினர். இவர்கள் காற்றும் ஒளியும் புகாத அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்ந்தனர். நகர ஆட்சியோ கட்சித் தலைவர் சிலரின் பிடியிற் கிடந்தது. அவர்கள் ஏழைக்கு வேலையும் விறகும் கொடுத்து அவன் வாக்கைப் பெற்றனர். நகரின் ஒப்பந்தங்களை விற்றுப் பொருள் ஈட்டினர்.

மூன்றாவது மக்களாட்சியின் தேய்வு. செனற் சபை உறுப்பினரை மக்கள் தெரிவதில்லை. மாநிலச் சட்டசபைகளே தெரிந்தன. அச்சட்டசபைகளை இருப்புப்பாதைக் கம்பனிகளும் பெருமுதலாளிகளும் எளிதில் வசப்படுத்தினர். வாக்குரிமை மக்களிடத்தும் அதிகாரம் வேறிடத்தும் இருந்தன என்று கூறின் அது மிகையன்று.

கண்டு எழுதியோர்

சீர்திருத்தத்தின் முதல் வித்துக்கள் சேரிகளிலேயே ஊன்றப்பட்டன. 1889 ஆம் ஆண்டில் ஜேன் அடம்ஸ் என்னும் பெண்மணி தம் தோழி எலன் ஸ்ரார் என்பாருடன் சிக்காகோ நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் 'ஹல் இல்லம்' என்னும் நிலையத்தைத் தொடங்கினார். தூர இருந்து கொடுப்பதை விடுத்து, ஏழைகளுக்கு அயலவராய் வாழ்ந்து அவர் குறையை அறிதலே அந்நிலையத்தின் நோக்கம். அங்கே குழந்தைகள் காப்பகமும் மாலை வகுப்புகளும் நடைபெற்றன. அங்கு வாழ்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று, யார் எந்நாட்டினர், வாரக்கூலி எவ்வளவு என்பவற்றைத் திரட்டி, வண்ணப்படங்களுடன் 1895 இல் நூலாக வெளியிட்டனர். தெருவிற் குப்பை அள்ளப்படாமை கண்ட அடம்ஸ், அதே ஆண்டில் தம் வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகர் பதவியைத் தாமே ஏற்று, விடியற்காலையிற் குப்பை வண்டிகளின் பின் சென்றார்.

அவ்வில்லத்தில் வாழ்ந்த புளோரன்ஸ் கெலி என்பார் சட்டத்தின் வலிமையை நன்கறிந்தவர். அவரது முயற்சியால் 1893 இல் இலினோய் மாநிலம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை உற்பத்தித் தொழில்களில் அமர்த்துவதைத் தடுத்தது. பெண்களின் வேலைநேரத்தை எட்டு மணியாகக் குறைத்தது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தலைமைப் பரிசோதகராகக் கெலியே நியமிக்கப்பட்டார். ஆனால் 1895 இல் மாநில நீதிமன்றம் எட்டுமணி விதியைச் செல்லாதெனத் தள்ளிற்று. சட்டம் இயற்றினாற் போதாது, நீதிமன்றத்தில் அது நிற்கவும் வேண்டும் என்னும் பாடத்தை அவர் அன்று கற்றார்.

மறுபுறத்தில் மலிவு விலைச் சஞ்சிகைகள் இலட்சக்கணக்கான வாசகரைப் பெற்று வளர்ந்தன. 'மக்குளூர்ஸ்' என்னும் சஞ்சிகையில் 1902 ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஐடா டாபெல் என்னும் பெண் எழுத்தாளர் ஸ்ரான்டட் ஒயில் கம்பனியின் வரலாற்றைத் தொடராக எழுதினார். வசைமொழி தவிர்த்து, நீதிமன்றப் பதிவேடுகளையும் கடிதங்களையும் ஆராய்ந்து, இருப்புப்பாதைக் கம்பனிகளிடம் அக்கம்பனி பெற்ற இரகசியக் கட்டணக் கழிவுகளை வெளிப்படுத்தினார். அரசாங்கம் 1906 இல் வழக்குத் தொடுத்தது. 1911 இல் நாட்டின் தலைமை நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றம் அக்கம்பனியை 34 தனிக் கம்பனிகளாகப் பிரிக்கும் ஆணையை உறுதிசெய்தது. உறங்கிய சட்டம் இவ்வாறு விழித்தது.

அப்ரன் சின்கிளேயர் 1906 இல் வெளியிட்ட 'காடு' என்னும் நாவலின் கதை வேறு. சிக்காகோவின் இறைச்சி பதனிடும் ஆலைகளில் வாடும் தொழிலாளரின் துயரைக் கூறி மக்கள் நெஞ்சை இளகச் செய்வதே அவர் நோக்கம். மக்களோ தொழிலாளரை மறந்து, தம் உணவில் அழுகலும் அழுக்கும் கலந்திருத்தலை எண்ணியே வெகுண்டனர். சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் விசாரணையாளர் இருவரை அனுப்பி உண்மையை ஆராய்வித்தார். அவர்கள் அறிக்கையும் நாவலை உறுதிப்படுத்தவே, அவ்வாண்டு யூன் 30 ஆம் திகதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையொப்பம் பெற்றன. உண்போன் காக்கப்பட்டான், உழைப்போன் பின்னும் காத்திருந்தான். தமக்கு நேரும் தீங்கை விரைந்துணரும் மக்கள் பிறர்க்கு நேரும் தீங்கை மெல்லவே உணர்வர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நீதிமன்றமும் நெருப்பும்

தொழிலாளர் நலச் சட்டங்களுக்கு நீதிமன்றமே பெருந்தடையாய் நின்றது. வெதுப்பகத் தொழிலாளரின் வேலைநேரம் நாளொன்றுக்குப் பத்து மணியும் வாரமொன்றுக்கு அறுபது மணியும் மேற்படலாகாது என நியூயோர்க் மாநிலம் விதித்திருந்தது. 1905 இல் உயர் நீதிமன்றம் அதனை ஐவர் நால்வர் என்ற கணக்கிற் செல்லாதாக்கிற்று. முதலாளியும் தொழிலாளியும் தாம் விரும்பியவாறு ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்தை அரசு பறித்தலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். பசித்தவனுக்கும் பணமுடையவனுக்கும் ஒப்பந்தச் சுதந்திரம் ஒன்றாகுமோ என்பதை அது நோக்கவில்லை.

மூன்றாண்டின் பின் ஒரிகன் மாநில வழக்கொன்று அதே நீதிமன்றத்துக்கு வந்தது. பெண்களின் வேலைநேரத்தைப் பத்து மணியாகக் குறைத்த சட்டம் செல்லுமா என்பது வினா. மாநிலத்தின் சார்பில் வாதிட்ட லூயி பிராண்டைஸ் என்னும் சட்டத்தரணி புதுமுறையொன்றைக் கையாண்டார். 113 பக்கங்கொண்ட அவரது எழுத்து வாதத்திற் சட்டநியாயங்கள் இரண்டு பக்கமளவே இருந்தன. எஞ்சியன யாவும் நெடுநேர உழைப்பால் உடல்நலம் கெடுதலைக் காட்டும் மருத்துவர், பரிசோதகர் அறிக்கைகள். அவற்றைத் திரட்டிக் கொடுத்தவர் யோசபின் கோல்ட்மார்க் என்பாரும் புளோரன்ஸ் கெலியும் ஆவர். 1908 இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து அச்சட்டத்தை ஏற்றனர். பெண் வலிமை குறைந்தவள் என்னும் கருத்தை அத்தீர்ப்பு ஊன்றியமையாற் பின்னாளிற் சில தொழில்களினின்று பெண்களை விலக்கவும் அது துணைபோயிற்று என்பதையும் மறத்தலாகாது. எனினும், வாழ்க்கையின் உண்மைகள் சட்டமன்றின் வாயிலைக் கடந்து உள்ளே புகுந்த நாள் அதுவே.

1911 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் திகதி, சனிக்கிழமை மாலை, நியூயோர்க் நகரில் டிரயாங்கிள் என்னும் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தீப்பற்றியது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் அத்தொழிற்சாலை இயங்கிற்று. வெளியேறும் வாயிலொன்று பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பாளரின் ஏணிகள் ஆறாம் மாடியளவே எட்டின. அரைமணி நேரத்துக்குள் 146 பேர் மாண்டனர்; அவருட் பெரும்பாலார் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். தீயினின்று தப்பக் கீழே குதித்து மாண்டோர் பலர். கதவு பூட்டியிருந்ததை உரிமையாளர் அறிந்திருந்தனர் என்பது நிறுவப்படாமையால், அவ்வாண்டு டிசெம்பரில் அவர்கள் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டனர்.

துயரம் கண்ணீரோடு முடிந்திருக்கலாம், அவ்வாறு முடியவில்லை. நியூயோர்க் சட்டசபை அவ்வாண்டிலேயே தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவை அமைத்தது. றொபேட் வாக்னர் அதன் தலைவர். அல் சிமித் உபதலைவர். விபத்தை நேரிற் கண்டவரான பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்னும் பெண்மணி குழுவினரைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்துச்சென்று, தொழிலாளர் படும் பாட்டைத் தம் கண்ணாற் காணச்செய்தார். அடுத்த சில ஆண்டுகளுள் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. வெளிப்புறமாகத் திறக்கும் பூட்டப்படாத கதவுகள், தீத்தடுப்பு ஒத்திகை, வேலைநேர வரம்பு, வலுப்பெற்ற பரிசோதகர் படை ஆகியன அவற்றால் வந்தன. பேர்க்கின்ஸ் 1933 இல் அமெரிக்க மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணியாகித் தொழில் மந்திரியானார்.

ஆட்சிமுறை திருந்தியவாறு

சமூகச் சீர்திருத்தம் நிலைபெற வேண்டுமாயின் ஆட்சிமுறையும் திருந்த வேண்டும் என்பதை விஸ்கொன்சின் மாநிலம் உணர்த்திற்று. 1901 இல் அதன் ஆளுநரான றொபேட் லா பொலெற், சட்டசபை உறுப்பினர் வாக்களித்தவாற்றை அவரவர் தொகுதியிலேயே மக்கள் முன் படித்துக்காட்டும் வழக்கமுடையவர். கட்சித் தலைவர்கள் மூடிய அறையில் அபேட்சகரைத் தெரிந்த முறையை ஒழித்து, மக்களே வாக்கால் அவரைத் தெரியும் முறையை 1904 இல் நிலைநாட்டினார். 1905 இல் இருப்புப்பாதைக் கட்டணங்களைக் கண்காணிக்கும் ஆணைக்குழு அமைந்தது. மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சட்டமியற்றுவோர்க்குத் துணைபுரிந்தனர். அவருக்குப் பின் 1911 இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் வருமானவரிச் சட்டமும் அம்மாநிலத்தில் வந்தன. ஒரிகன் மாநிலம் 1902 இல் மக்கள் தாமே சட்டத்தை முன்மொழியவும் வாக்கால் ஏற்கவும் தள்ளவும் உரிமை அளித்தது.

மத்திய அரசிலும் மாற்றம் தோன்றிற்று. 1901 செப்டெம்பரில் சனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு இறக்க, நாற்பத்திரண்டு வயதினரான தியோடர் றூஸ்வெல்ற் அப்பதவிக்கு வந்தார். 1902 இற் பென்சில்வேனியாவின் நிலக்கரித் தொழிலாளர் ஏறக்குறைய 140,000 பேர் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் இரு தரப்பினரையும் அழைத்து நடுநிலை ஆணைக்குழுவை ஏற்கச்செய்தார். தொழிலாளர் நூற்றுக்குப் பத்து வீதக் கூலி உயர்வும் ஒன்பது மணி வேலைநாளும் பெற்றனர். அதற்குமுன் வேலைநிறுத்தங்களை அடக்கப் படையனுப்பிய அரசு அன்று நடுவராய் அமர்ந்தது. வூட்றோ வில்சன் ஆட்சிக்கு வந்த 1913 ஆம் ஆண்டில், வருமானவரிக்கு வழிசெய்யும் பதினாறாம் யாப்புத் திருத்தமும், செனற் சபையை மக்களே தெரியச்செய்யும் பதினேழாம் திருத்தமும் நிறைவேறின. 1920 இற் பத்தொன்பதாம் திருத்தம் பால் காரணமாக வாக்குரிமை மறுக்கப்படலாகாதென விதித்தது.

அறுந்த சங்கிலி

எல்லா முயற்சியும் இவ்வாறு வெற்றி பெற்றதில்லை. குழந்தைத் தொழிலை ஒழிக்கும் முயற்சி அதற்குச் சான்று. 1904 இல் நிறுவப்பட்ட தேசிய குழந்தைத் தொழிற் குழுவின் சார்பில், லூயிஸ் ஹைன் என்னும் முன்னாள் ஆசிரியர் 1908 முதல் நாடெங்கும் சென்று சிறுவர் வேலைசெய்யும் காட்சிகளைப் படம்பிடித்தார். ஆலைக்குட் புகுவதற்கு வேறு வேறு தொழிலினர் போல நடித்தார். தம் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு குழந்தைகளின் உயரத்தை மறைவிற் குறித்துக்கொண்டார். அப்படங்கள் மக்கள் மனத்தை அசைத்தன.

1916 இற் கொங்கிரஸ் சட்டம் இயற்றிற்று. பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்தும் ஆலைகளின் பொருள் மாநில எல்லை கடத்தலாகாது என்றது அச்சட்டம். வட கரோலைனாப் பஞ்சாலையொன்றில் வேலைசெய்த சிறுவர் இருவரின் தந்தை பெயரால் அதற்கெதிராக வழக்கிடப்பட்டது. 1918 இல் உயர் நீதிமன்றம் ஐவர் நால்வர் என்ற கணக்கில் அதனைத் தள்ளிற்று. வரி விதித்துத் தடுக்க முயன்ற இரண்டாம் சட்டமும் 1922 இல் வீழ்ந்தது. 1924 இற் கொங்கிரஸ் முன்வைத்த யாப்புத் திருத்தத்தைப் போதிய மாநிலங்கள் ஏற்கவில்லை. நியாயமான தொழில் நியமங்கள் சட்டம் 1938 இல் வந்து, 1941 இல் நீதிமன்றமும் பழைய தீர்ப்பை மாற்றிய பின்னரே அத்தடை உறுதிபெற்றது. இடைப்பட்ட இருபது ஆண்டில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 1918 ஆம் ஆண்டு வழக்கில் 'வென்ற' சிறுவருள் ஒருவர் பின்னாளிற் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேசியபோது, தமக்கு எஞ்சியது மெலிந்த உடலும் கல்வியின்மையுமே என வருந்தினார். வேலைசெய்யும் உரிமையை நீதிமன்றம் காத்தது. பாடசாலை செல்லும் காலத்தை அவருக்கு மீட்டளிக்க எவராலும் இயலவில்லை.

மதுவிலக்கு இதற்கு மறுதலையான பாடத்தைத் தந்தது. 1919 இல் யாப்பிலேயே இடம்பெற்ற அது, மக்கள் உடன்பாடும் செயற்படுத்தும் ஆற்றலும் குன்றியமையாற் கள்ளச் சந்தையையும் இலஞ்சத்தையும் வளர்த்து, 1933 இல் நீக்கப்பட்டது.

எல்லைக்கு அப்பால் நின்றோர்

மக்களிடமே அதிகாரம் சேர்தல் வேண்டும் என்று முழங்கிய அதே காலத்தில், தென் மாநிலங்கள் கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் திட்டமிட்டுப் பறித்தன. வரி, எழுத்தறிவுச் சோதனை முதலிய சூழ்ச்சிகளால், லூசியானா மாநிலத்தில் 1896 இல் 130,000 இற்கு மேலிருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1904 இல் 1,342 ஆகக் குறைந்தது. அபேட்சகரை மக்களே தெரியும் தேர்தல் முறை விஸ்கொன்சினிற் கட்சித் தலைவரை வீழ்த்திய கருவி. அதே முறை தெற்கில் வெள்ளையர்க்கு மட்டும் உரியதாக்கப்பட்டு, 1944 இல் உயர் நீதிமன்றம் தடுக்கும் வரை, கறுப்பினத்தாரை விலக்கும் கருவியாயிற்று. சீர்திருத்தவாதியெனப் புகழ்பெற்ற வில்சனின் ஆட்சியிலேயே மத்திய அரசின் காரியாலயங்களில் இனப்பிரிவினை பரவிற்று.

இவர்தம் துயருக்குச் சான்று இல்லையோ எனின், இருந்தது. ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண் பத்திரிகையாளர், விசாரணையின்றிக் கும்பலாற் கொல்லப்பட்டோரின் பெயர், நாள், இடம், சாட்டப்பட்ட குற்றம் ஆகியவற்றை வெள்ளையரின் பத்திரிகைகளிலிருந்தே திரட்டி 1895 இல் நூலாக வெளியிட்டார். டாபெல் எண்ணெய்க் கம்பனியை ஆராயத் தொடங்குமுன்னரே, அதே முறையை அவர் கையாண்டார். 1909 இல் உருவான கறுப்பினத்தார் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் தோற்றத்தில் வெல்சும் டு பொய்சும் பங்குகொண்டனர். ஜேன் அடம்சும் துணைநின்றார். கும்பற் கொலையைத் தடுக்கும் சட்டமூலம் 1922 இற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிற்று. செனற் சபையில் தென் மாநில உறுப்பினர் முடிவின்றிப் பேசி அதனைத் தடுத்தனர். கும்பற் கொலையை மத்திய அரசின் குற்றமாக்கும் சட்டம் கையொப்பம் பெற்றது 2022 ஆம் ஆண்டிலாகும். நூலுக்கும் சட்டத்துக்கும் இடையே 127 ஆண்டுகள் கழிந்தன. இறைச்சி ஆலையின் அழுக்கு வெளிவந்து ஐந்து மாதத்துட் சட்டம் பிறந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

முடிவுரை

முற்போக்குக் காலத்தின் கொடை பெரிது. பூட்டப்படாத தொழிற்சாலைக் கதவும், பரிசோதிக்கப்பட்ட உணவும், தொழிலாளர் நட்டஈடும், பெண்களின் வாக்குரிமையும் அதன் பயன்கள். கண்ணீர் விடுதல் எளிது. எண்ணிக் கணக்கிட்டுச் சட்டமாக்கி, அச்சட்டம் நடைபெறுகின்றதா என நாள்தோறும் கண்காணித்தல் அரிது. அவ்வரிய பணியைப் பொறுமையுடன் செய்தோர் அக்காலத்து வாழ்ந்தனர்.

ஆயினும் சான்று தானாகப் பேசுவதில்லை. அதைக் கேட்போர், துன்புறுவோரைத் தம்மவர் என்று கருதும்போதே அது செவியில் ஏறுகின்றது. தமது உணவுக்காக அமெரிக்க மக்கள் உடனே எழுந்தனர். தையற் பெண்களுக்காக, 146 உயிர் போனபின் எழுந்தனர். ஆலைச் சிறுவர்க்காக இருபது ஆண்டு தாமதித்தனர். கறுப்பின மக்களுக்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தாமதித்தனர். ஒரு நாட்டின் சீர்திருத்தம் எத்துணை உயர்ந்தது என்பதை அது இயற்றிய சட்டங்களின் தொகையால் மட்டும் அளத்தல் சாலாது. 'மக்கள்' என்னும் சொல்லுள் அந்நாடு யாவரை அடக்கிற்று, யாவரை வெளியே நிறுத்திற்று என்பதனாலும் அளத்தல் வேண்டும். வரலாற்றைக் கற்கும் மாணவர் எந்நாட்டுச் சீர்திருத்தத்தை ஆராயினும் முதலிற் கேட்கத்தக்க வினா இதுவேயாகும்.